தரிப்பிடத்துப் பனிமலை

மார்ச் 12, புதன்

உலகத் தமிழ் மக்கள் அனைவருக்கும் ஆழ்ந்த பொறுப்புணர்வுடன் அறியத் தருவது யாதெனில்: இன்று காலை எட்டு மணி பத்து நிமிடமளவில், கனடா தேசத்தின் சஸ்கட்டூன் மாநகரில், எங்கள் மாடிக்குடியிருப்பின் கூரை விளிம்பிலிருந்து இவ்வருடத்தின் முதலாவது சொட்டு நீர் விழுந்தது. விழுந்த இடம் என் பிடரி. சேத விபரம்: ஒரு கழுத்து, ஒரு 'ஐயோ'. அனுதாபம் தெரிவிக்க விரும்புவோர் மலர்வளையம் தவிர்த்துத் துவாய் அனுப்பவும்.

ஆக, வசந்தம் வந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரர் அரைக் காற்சட்டையோடு நாயை நடத்திக்கொண்டு போகிறார். சைபருக்கு மேலே இரண்டு பாகை. நாலு மாதம் சைபருக்குக் கீழே முப்பதில் கிடந்தவர்களுக்கு இது கொழும்பு வெயில்.

இந்தக் கொப்பியை ஏன் தமிழில் எழுதுகிறேன்? தமிழ்ப்பற்று என்று நினைத்து அம்மா கண்கலங்க வேண்டாம். பாதுகாப்புக் காரணம். எனக்கு ஒரு தங்கை: ஆரபி, வயது ஒன்பது, தொழில் உளவு. ஐந்து வருடத்துக்கு முன் நாங்கள் கொக்குவிலிலிருந்து இங்கே வந்தபோது நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். அவளுக்கு நாலு வயது. அதனால் அவளுக்குத் தமிழ் கதைக்க வரும், தமிழில் சண்டை பிடிக்க வரும், வாசிக்க மட்டும் வராது. ஆகவே உலகத்திலேயே மலிவான பூட்டு தமிழ் எழுத்து. இருநூற்று நாற்பத்தேழு சாவிகளும் என்னிடம்.

என்னைப் பற்றி: பெயர் நிரோஜன். வயது பதினைந்து. பட்டம், பகிடிச் சக்கரவர்த்தி. யாரும் தரவில்லை; கேட்டு வாங்குகிற பழக்கம் எனக்கில்லாததால் நானே எடுத்துக்கொண்டேன். போன டிசம்பரில் நான் நிகழ்த்திய 'தலையில்லா மனிதர்' சாதனை இந்தக் குடியிருப்பின் நாலு மாடிக்கும் தெரியும். அப்பா இடுப்பில் கட்டும் சாரத்தை நனைத்து, கவிழ்த்த வாளியைச் சுற்றிக் கட்டி வெளியே வைத்தால் பத்து நிமிடத்தில் பலகையாகிவிடும். அதன்மேல் அதே மாதிரி விறைக்க வைத்த ஜக்கெற். காலையில் வந்த பராமரிப்பாளர் வால்ட்டர் அதைப் பார்த்து "காலை வணக்கம், சிவா" என்றார். பதில் வரவில்லை. வானிலையைப் பற்றிக் கதைத்துப் பார்த்தார். அதற்கும் பதில் இல்லை. அப்பாவுக்கு ஏதோ கோபமாக்கும் என்று மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

முழுத் திட்டமும் என்னுடையது. ஆரபி வெறும் உதவியாள்.

இப்போது அவள் அந்த வேலையையும் விட்டுவிட்டாள். ஜனவரியில் பெரியப்பாவும் அவர் மகன் சாருஜனும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருக்கிறார்கள். பெரியம்மாவுக்கு இன்னும் விசா வரவில்லை. சாருஜனுக்கு என்னைவிட ஒரு வயது கூட. என் கட்டிலுக்கு எதிரே அவன் கட்டில். அவனுக்குப் பகிடி விடத் தெரியாது; நான் விட்டால் முழுவதையும் கவனமாகக் கேட்டுவிட்டு "விளங்கேல்லை" என்பான். இப்பேர்ப்பட்டவனைத்தான் ஆரபி வாய்க்கு வாய் 'அண்ணா' என்கிறாள். பிறந்த நாளிலிருந்து நான் அவளுக்கு வெறும் 'நிரோ'. சாறு முழுக்கச் சாருஜனுக்கு, சக்கை எனக்கு.

இது பொறாமை அல்ல என்பதை இங்கேயே பதிவு செய்துகொள்கிறேன்.

மார்ச் 15, சனி

சலவை அறைச் சுவரில் வால்ட்டர் தாள் ஒட்டிவிட்டார். இந்தக் குடியிருப்பில் தேர்தலைவிடப் பெரிய விடயம் இதுதான்.

குளிர்காலம் முழுக்க வாகனத் தரிப்பிடத்தில் வழிக்கிற பனியை எல்லாம் ஒரே மூலையில் தள்ளித் தள்ளி, மார்ச்சில் அது இரண்டு ஆள் உயர மலையாகிவிடும். அது எந்தத் திகதியில் முற்றாக உருகும் என்று ஒவ்வொருவரும் எழுத வேண்டும். வால்ட்டரின் சப்பாத்தை மூடும் அளவுக்குக்கூடப் பனி மிஞ்சாத நாளே முடிவு நாள். திகதிக்கு மிகக் கிட்ட வந்தவரின் பெயர், பொன்னிற வர்ணம் பூசிய பனி அள்ளும் பழைய சவளில் எழுதப்பட்டுச் சுவரில் தொங்கும். ஒரே ஒரு விதி: மலையைத் தொட்டவர் போட்டியில் இல்லை.

கீழ்த்தளத்தில் இருக்கும் தாதி ஒலெனா மூன்று தடவை வென்றிருக்கிறார். போன வருடம் நானும் ஆரபியும் ஒரே ஒரு நாளால் தவறவிட்டோம். ஆரபி சலவை இயந்திரத்துக்குப் பின்னால் போய் இருந்து அழுதாள். சவளில் தன் பெயர் எங்கே வரும் என்று ஏற்கெனவே விரலால் அளந்து வைத்திருந்தவள்.

இன்று அவள் தாளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன திகதி போடுவம்?" என்றேன், சும்மா ஒரு பேச்சுக்கு.

"நானும் அண்ணாவும் போட்டிட்டம்."

"எந்த அண்ணா?"

"எனக்கு எத்தினை அண்ணா இருக்கு?"

மே 4 என்று போட்டிருந்தார்கள். சாருஜன் ஜனவரி வரைக்கும் பனியைப் படத்தில்தான் பார்த்தவன். இப்போது ஒவ்வொரு நாளும் ஜன்னலில் நின்று, மலைக்குப் பின்னால் இருக்கும் வேலியில் எத்தனை பலகை தெரிகிறது என்று எண்ணிக் கொப்பியில் கோடு போடுகிறான்.

"நிரோ, நீயும் வாவன். மூண்டு பேரும் சேர்ந்து போடலாமாம், நான் வால்ட்டரிட்டக் கேட்டனான்," என்றான்.

"உங்கட கூட்டணியில எனக்கென்ன வேலை? நான் சுயேச்சை."

ஏப்ரல் 24 என்று எழுதினேன். விஞ்ஞானக் காரணம் எதுவும் இல்லை. அவர்களுடையதற்கு முன்னால் வர வேண்டும், அவ்வளவுதான். ஒலெனா மே 12.

மார்ச் 16, ஞாயிறு

'பனிப்போர்' என்ற சொல்லை எவர் கண்டுபிடித்தாரோ, அவர் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்துதான் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

மார்ச் 24, திங்கள்

பகலில் உருகுகிறது, இரவில் உறைகிறது. காலையில் வீதியோரக் குட்டைகளுக்கெல்லாம் கண்ணாடி மூடி. அதைச் சப்பாத்தால் உடைக்கும்போது வரும் சத்தம் இருக்கிறதே, புதுப் பப்படத்தை ஒரு ஊரே சேர்ந்து நொறுக்குகிற மாதிரி. பாடசாலைக்குப் போகும் வழியில் அதை உடைப்பது எனக்கும் ஆரபிக்கும் வருடாந்த உற்சவம்.

இன்று எனக்கு முப்பதடி முன்னால் அவள் சாருஜனுக்குப் பாடம் நடத்திக்கொண்டு போனாள்.

"முன்காலால குத்தாதேங்கோ அண்ணா, வழுக்கும். குதிக்காலால. இப்பிடி."

சளார்.

"ஐயோ, நல்லாயிருக்கு! இன்னொண்டு எங்க?"

அந்தக் குதிக்கால் நுட்பம் எங்கள் குடும்ப இரகசியம். வெளியாருக்கு விற்கப்பட்டுவிட்டது. மொத்தம் பதினாலு குட்டை உடைத்தார்கள். நான் எண்ணவில்லை. பதினாலு.

அவர்கள் விட்டுப் போன ஒன்றை நான் உடைத்தேன். அதற்குக் கீழே முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர் இருந்தது. முதலிரண்டு பாடமும் ஒற்றைக்கால் ஈரமாக இருந்தேன், கொக்கு மாதிரி.

மார்ச் 31, திங்கள்

நாளை ஏப்ரல் முதலாம் திகதி. சக்கரவர்த்தி சும்மா இருக்கலாகாது. இதோ திட்டம்: காலை ஆறு மணிக்கு வாசல் தட்டில் வலதுபக்கம் இருக்கும் சாருஜனின் சப்பாத்துக்குள் பனியை அடைத்து வைப்பது. எனக்கும் அவனுக்கும் அம்மா ஒரே கடையில் ஒரே மாதிரிச் சப்பாத்து வாங்கித் தந்திருக்கிறார். என்னுடையது இடதுபக்கம். எளிய திட்டம், ஆனால் சிறப்பானது.

ஏப்ரல் 1, செவ்வாய்

வலதுபக்கச் சப்பாத்து என்னுடையதாக இருந்தது.

எப்படி? யாருக்குத் தெரியும்? திட்டம் இந்தக் கொப்பியில் மட்டுமே இருந்தது. சாருஜனுக்கு மனதை வாசிக்கும் சக்தி இருக்கிறதென்று நினைக்கிறேன். "நிரோ, உன்ர சப்பாத்துக்குள்ள ஸ்நோ கிடக்கு, பாத்துப் போடு," என்று எனக்கே புத்தி சொன்னான். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. ஆரபிதான் கோப்பையால் முகத்தை மறைத்துக்கொண்டு நெடுநேரம் பால் குடித்தாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

வாத்துகள் வந்துவிட்டன. வானம் முழுக்கக் கார் ஹோன் சத்தம்.

வீட்டில் விசித்திரங்கள் கூடிவிட்டன. ஒன்று: ஆரபி குசினியில் நின்று மிளகாய்த்தூள் பைக்கற்றை ஐந்து நிமிடமாக உற்றுப் பார்த்தபடி வாயை அசைத்துக்கொண்டிருந்தாள். "என்ன, மந்திரமோ?" என்றேன். பைக்கற்றைப் பட்டென்று கவிழ்த்து வைத்தாள். இரண்டு: பிரீசரில் ஓர் ஐஸ்கிரீம் டப்பா. மேலே கோணல் எழுத்தில் 'மீன்'. ஐஸ்கிரீம் டப்பாவில் ஐஸ்கிரீம் இருக்காது என்பது தமிழ்க் குழந்தை எல்லோருக்கும் தெரியும். ஆனால் எங்கள் அம்மா ஒருநாளும் பெயர் எழுதி ஒட்டுவதில்லை. சாருஜன்தான் எழுதியிருப்பான். எழுத்தைப் பார்த்தால் யாழ்ப்பாணப் படிப்பு தேய்ந்துவிட்டதுபோலத் தெரிகிறது.

மூன்று: பின்னேரங்களில் இரண்டு பேரும் படிக்கட்டில் இருந்து கொப்பியில் என்னவோ கீறுகிறார்கள். எட்டிப் பார்த்தேன், ஒரே சுழியும் வளைவும். மலையின் படமாக்கும்.

சாருஜன் தினமும் காலையில் தொலைபேசியில் தன் தங்கை துளசிகாவோடு கதைக்கிறான். முன்பல் இரண்டும் இல்லாத ஒரு முகம் திரை முழுக்க வந்து "அண்ணா, எப்ப எங்களக் கூப்பிடுவியள்?" என்று கேட்கும். அவளுக்கும் ஒன்பது வயதாம். கதைத்து முடித்ததும் கொஞ்ச நேரம் சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டே இருப்பான். ஒரு கயிறு கட்ட எத்தனை நேரம்?

ஏப்ரல் 9, புதன்

'பொறாமை' என்பதை 'பொறு, ஆமை' என்று பிரித்து எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆமை பொறுக்கும். ஓடு இருக்கிறது அதற்கு.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை வருடப்பிறப்பு. ரொறன்ரோவிலிருந்து அம்மா தபாலில் எடுப்பித்த மருத்துநீர்த் தூளைக் கரைத்து எல்லோர் தலையிலும் வைத்துக்கொண்டிருந்தபோது ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டத் தொடங்கியது. பின்னேரத்துக்குள் ஒரு சாண்.

"வருசப்பிறப்பும் அதுவுமா, கோதாரி விழுந்த ஸ்நோ!" என்றார் அம்மா.

"மலை வளர்ந்திட்டுது, அண்ணா! ஒரு பலகை மறைஞ்சிட்டுது!" என்று ஆரபி துள்ளினாள். அவர்களின் திகதிக்கு அது நல்லது. என்னுடையதற்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. மலை இப்போதும் என்னைவிட உயரம். பெரியப்பா எல்லோருக்கும் பயத்தம்பணியாரம் தந்தார். ஆரபி தன்னுடையதில் பாதியைச் சாருஜனுக்குக் கொடுத்தாள். எனக்குப் பிடிக்கும் என்பது அவளுக்குத் தெரியும். பெரிய பாதியைத்தான் எனக்கு எப்போதும் தருவாள். சரி விடுங்கள். பணியாரத்துக்கு அழுகிற வயதா?

ஏப்ரல் 17, வியாழன்

ஏற்பாடுகள் பூர்த்தி. மிக இரகசியம்.

கறுப்பு நிறம் வெயிலை உறிஞ்சும். பனிமேல் கறுப்பாக எதையாவது போட்டால் கெதியாக உருகும். போன வருட விஞ்ஞான வகுப்பில் கேட்டது. எங்கள் வீட்டில் ஆறு பேர். நாளுக்கு இருபது கோப்பை தேத்தண்ணி. வடித்த தேயிலை மட்டும் ஒரு சட்டி. இதோடு குளிர்காலம் முழுக்க வழுக்காமல் இருக்க மாநகரசபை கொட்டிய மணல் வீதியோரமெல்லாம் குவிந்து கிடக்கிறது. யாரும் உரிமை கோராத சொத்து.

ஆரபியும் சாருஜனும் நூலகம் போகும் பின்னேரங்களில், மூன்று நாளாக, பதினெட்டு வாளி. மலை முழுக்க நாலு விரல் தடிப்புக்கு மண்ணும் தேயிலையும். 'தொட்டவர் போட்டியில் இல்லை' என்றுதான் விதி. தூவியவரைப் பற்றி விதி வாய் திறக்கவில்லை.

'கொஞ்சமா, தூள் மாதிரி' என்று ஆரபி போன வருடம் என்னவோ சொன்ன ஞாபகம். கஞ்சத்தனம். நான் தாராள மனம் கொண்டவன்.

இரவுச் சாப்பாட்டில் ஆரபி என் நகங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 24, வியாழன்

என் திகதி. மலை, சொக்லேட் கேக் மாதிரி, ஒரு குறையும் இல்லாமல் வீற்றிருக்கிறது. சலவை அறையில் ஒலெனா என் தோளில் தட்டி, "இன்னும் சின்ன வயசுதானே," என்றார். வால்ட்டர் என் பெயருக்கு மேல் கோடு போட்டார்.

பரவாயில்லை. நான் வெல்லாவிட்டாலும் அவர்களும் வெல்லக்கூடாது. இது நல்ல எண்ணம் இல்லை என்பது தெரியும். கொப்பிக்குள் மட்டும்தானே.

ஏப்ரல் 29, செவ்வாய்

மற்றக் குவியல்களெல்லாம் போய்விட்டன. பாடசாலைக் குவியல், பெற்றோல் நிலையத்துக் குவியல், எல்லாம். பதினெட்டுப் பாகை வெயில். எங்கள் மலை மட்டும் இடுப்பு உயரத்தில் அசையாமல் நிற்கிறது.

இன்று வால்ட்டர் ஒரு தடியால் மேலே கீறினார். மண்ணும் தேயிலையும் ஓடு மாதிரிப் பெயர்ந்து வந்தன. உள்ளே வெள்ளை வெளேரென்று, ஜனவரி மாதம்.

"யாரோ இதுக்குக் கம்பளி போர்த்தி நித்திரையாக்கியிருக்கிறார்கள்," என்றார். மூக்கில் வைத்து மணந்து பார்த்தார். "தேயிலை!" வால்ட்டர் ஆங்கிலத்தில்தான் சொன்னார்; நான் கைகளைக் காற்சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டேன்.

மே 1, வியாழன்

இதை எழுதக் கை கூசுகிறது.

மலைக்கு என்ன செய்தேன் என்று சரிபார்க்க ஏப்ரல் 17ஆம் திகதிப் பக்கத்தைத் திருப்பினேன். கீழே பென்சிலால், வட்ட வட்டமான பெரிய எழுத்தில்:

"கொஞ்சமாத் தூவினால் வெயில் பிடிக்கும். கனக்கப் போட்டால் போர்வை. போன வருசமே சொன்னனான்."

முன்பக்கங்களைத் திருப்பினேன். இருநூற்று நாற்பத்தேழு சாவி என்று எழுதியிருந்த இடத்துக்குப் பக்கத்தில்: "எனக்கு இரண்டு மாதம் எடுத்தது." அதற்குக் கீழே, 'முழுத் திட்டமும் என்னுடையது' என்ற வரிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு சொல்:

"பொய்."

சாருஜனைப் படிக்கட்டில் பிடித்தேன்.

"நீதானே அவளுக்கு எழுதப் படிப்பிச்சது?"

"ஓம். நான் வந்த கிழமையே அவள்தான் கேட்டவள். நிரோ ஏதோ தமிழில எழுதப்போறானாம், கொப்பி வாங்கி வச்சிருக்கிறானாம், அதை வாசிக்கோணுமாம் எண்டு."

"எனக்கு ஒரு சொல் சொன்னியா?"

"நீ மலைக்குத் தேயிலை போட்டதை எனக்குச் சொன்னனியோ?"

அவனுக்குப் பகிடி விடத் தெரியாது என்று எழுதியிருந்தேன். திரும்ப யோசிக்க வேண்டும்.

"அப்ப ஏன் ரெண்டு பேரும் வாயை மூடிக்கொண்டிருந்தனியள்? வால்ட்டரிட்டச் சொல்லியிருக்கலாமே. இல்லாட்டி வழிச்சு எறிஞ்சிருக்கலாமே."

"தொட்டால் நாங்கள் போட்டியில இல்லை. சொன்னால் உன்ர பேரை வெட்டிப்போடுவாராம். சொல்ல வேண்டாம் எண்டு அவள்தான் அழுது நிண்டவள். நீயாப் போய் எடுப்பாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தவள், நிரோ. ஒவ்வொரு நாளும் ஜன்னலால."

பலகை எண்ணுகிறார்கள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் 'பொய்' பற்றி ஒரு சின்ன விளக்கம். டிசம்பரில் பேருந்துத் தரிப்பில் என் வகுப்புப் பெடியன்களுக்குத் தலையில்லா மனிதரின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற ஆரபி, "அது என்ர ஐடியா," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "இவளுக்குச் சாரம் எந்தப் பக்கம் மேல எண்டே தெரியாது," என்றேன். இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். நல்ல பகிடி என்று அன்று நினைத்தேன். மறுநாளிலிருந்து என்னோடு நடந்து வராதே, சின்னப்பிள்ளையோடு போக வெட்கம் என்று சொன்னதும் நான்தான். சாருஜன் வந்து இறங்கியது அதற்கு ஒரு மாதம் கழித்து.

திகதி வரிசையில் வைத்துப் பார்த்தால் எனக்குச் சாதகமாக இல்லை.

மே 4, ஞாயிறு

அவர்களின் திகதி. மலை முழங்கால் உயரம்.

ஆரபி காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, பின்னேரம் ஒரு தடவை கீழே இறங்கிப் போய்ப் பார்த்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நின்றாள், தவறிக்கூடத் தொட்டுவிடக் கூடாது என்பதற்காக. சாருஜன் தன் கோட்டுப் படத்தை விரித்துப் பார்த்துவிட்டு மடித்து வைத்தான். தேயிலைக்கு முந்திய கோடு நேரே மே 4இல் போய் முடிகிறது. அச்சொட்டாக.

அவள் அழவில்லை. போன வருடம் மாதிரி அழுதிருந்தாலாவது போய்ப் பக்கத்தில் இருந்திருக்கலாம்.

மே 5, திங்கள்

பாடசாலை விட்டு நேரே வால்ட்டரின் அறைக்குப் போனேன். அவர் ஒரு குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"நான்தான் தேயிலை," என்றேன். சொல்ல நினைத்திருந்தது அதைவிட நீளம்.

வால்ட்டர் கையிலிருந்த குறட்டைக் கீழே வைத்தார். "நீயா? ஒரு கிழமையாக நான் ஒலெனாவைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறேன். அவள் வணக்கம் சொன்னால் நான் பதில்கூடச் சொல்வதில்லை."

"என் பெயரை வெட்டிவிடுங்கள். ஆனால் ஆரபியின் திகதிதான் சரி. நான் போடாமல் இருந்திருந்தால் நேற்றே முடிந்திருக்கும். படம்கூட இருக்கிறது."

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "முடிந்திருக்கும். ஆனால் முடியவில்லையே, தம்பி. இல்லாததை நான் சுவரில் எழுத முடியாது." பிறகு, "ஏன் செய்தாய்?" என்றார்.

பகிடிக்கு என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் சிரிக்கத் தயாராகத்தான் இருந்தார். "என் தங்கை வேறு ஒருவனோடு சேர்ந்து திகதி போட்டாள்," என்றேன்.

வால்ட்டர் சிரிக்கவில்லை. சிவப்பு மையால் ஏற்கெனவே வெட்டிய என் பெயரை இன்னொரு தடவை வெட்டினார். மணல் முழுவதையும் நான் கூட்டி அள்ள வேண்டும். தரிப்பிடம் முழுக்க. விதி விதிதான்.

மே 10, சனி

ஆறு மணித்தியாலம் மணல். மூக்கு, காது, பல்லிடுக்கு, எல்லாம் மணல். நடுவில் தும்புத்தடி உரசும் இன்னொரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். ஆரபி, தன்னைவிட உயரமான தும்புத்தடியோடு. சாருஜன் வாளியோடு.

ஒரு வரிசை கூட்டினோம். பிறகு இரண்டாவது வரிசை.

"கொப்பி வாசிச்சனி," என்றேன்.

"ஓம்."

"என்ர பணியாரக் கதையுமோ?"

"பெரிய பாதி உனக்கெண்டுதான் எடுத்து வச்சனான். நீ எழும்பிப் போயிட்டாய்." மணலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பிறகு வாத்துக்குப் போட்டிட்டன்."

"சவளில உன்ர பேர் வராது, ஆரபி. என்னால."

"தெரியும்."

இன்னொரு வரிசை. அதற்குப் பிறகு, ஐந்து மாதத்தில் முதல் தடவையாக, தும்புத்தடியை நிறுத்திவிட்டு அந்தக் குரலில் கேட்டாள். எந்தக் குரல் என்றால், டிசம்பரில் சாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது வந்த குரல்.

"நிரோ, பிரீசரில இருக்கிற மீன் டப்பாவுக்குள்ள என்ன இருக்கு எண்டு தெரியுமோ?"

"மீன்."

சாருஜன் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்ததே இல்லை. முன்பல் இருக்கிறது என்பதைத் தவிர, துளசிகாவே தான்.

மே 12, திங்கள்

பின்னேரம் நாலரை மணிக்கு வால்ட்டர் மிஞ்சிய பனியில் சப்பாத்தை வைத்துப் பார்த்தார். மூடவில்லை. முடிந்தது. ஒலெனா நாலாவது தடவையாகப் பொன் சவளைத் தூக்கிக் காட்டினார். ஆரபி கை தட்டினாள், உண்மையாகவே. நான் ஒலெனாவுக்கும் ஆரபிக்கும் சேர்த்துத் தட்டினேன்.

மே 13, செவ்வாய்

காலை ஏழு மணி. சலவை அறை ஜன்னலுக்குக் கீழே மூன்று தலைகள். என் வேலை வாசலைப் பார்த்துக்கொள்வது மட்டும். "நீ காவல்," என்று ஆரபி சொல்லிவிட்டாள். வேறு எதையும் தொட விடவில்லை.

வால்ட்டர் கோப்பிக் கோப்பையோடு வந்தார். நேற்று முடிந்துபோன மலையின் இடத்தில், ஐஸ்கிரீம் டப்பாவைக் கவிழ்த்துத் தட்டிய வடிவத்தில், பிட்டு மாதிரி, வெள்ளை வெளேரென்று ஒரு குட்டிப் பனிமலை நின்றது. மார்ச் மாதத்து முதலாந்தரப் பனி. அதன் இடுப்பில் அப்பாவின் பழைய சாரத்திலிருந்து வெட்டிய ஒரு துண்டு.

வால்ட்டர் நின்றார். வானத்தைப் பார்த்தார். சப்பாத்தைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி, மிகுந்த மரியாதையோடு அதைப் பார்த்துச் சொன்னார்:

"காலை வணக்கம், சிவா."

ஆரபி சிரித்த சிரிப்பில் ஜன்னல் கண்ணாடியில் மூச்சுப் புகை படிந்தது. சிரிப்பு முடிந்ததும் என் சட்டைக் கையால் அதைத் துடைத்தாள். சாருஜனுடையதால் அல்ல. அவன் சட்டை கிட்டத்தான் இருந்தது. நான் கவனிக்கவில்லை. கவனித்தேன்.

இந்தக் கொப்பி இனி இரகசியம் இல்லை என்பதால், வாசிக்கிறவருக்கு முன்னால் நேர்மையாக இருப்பது நல்லது. எனவே:

உலகத் தமிழ் மக்கள் அனைவருக்கும் ஆழ்ந்த வெட்கத்துடன் அறியத் தரும் திருத்தம். மார்ச் 12ஆம் திகதிப் பக்கத்தில் தலையில்லா மனிதரின் முழுத் திட்டமும் என்னுடையது என்று வெளியான செய்தி தவறானது. சாரத்தை நனைத்தால் ஆள் மாதிரி நிற்கும் என்று சொன்னது ஆரபி. வாளியைக் கவிழ்த்துக் கொண்டுவந்தது ஆரபி. வால்ட்டர் எத்தனை மணிக்கு அந்தப் பக்கம் வருவார் என்று மூன்று நாள் ஜன்னலில் நின்று பார்த்து வைத்ததும் ஆரபி. அதற்கு முந்திய பகிடிகளுக்கும் இதே திருத்தம் பொருந்தும். தனித்தனியாக எழுதினால் கொப்பி போதாது.

நான் சொந்தமாகச் செய்தது, "குளிருது, உள்ள போவம்," என்று சொன்னது மட்டும்.

இரண்டு தடவை.